மோட்லாராய்ட்: ஒரே ஊர், இரண்டு நாடு, நடுவே ஓர் ஓடை

டான்பாக் என்ற ஓடையை மழையில்லாத நாளில் ஒரே தாவலில் தாண்டிவிடலாம். பெரிய வரைபடங்களில் அதற்குப் பெயர்கூட இருக்காது. ஆனால் பனிப்போர்க் காலத்தில் இந்த ஓடையின் ஒரு கரை அமெரிக்கா தலைமையிலான நேட்டோவைச் சேர்ந்தது, மறு கரை சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்த நாடுகளைச் சேர்ந்தது. இரண்டு கரையிலும் இருப்பதோ ஒரே ஊர். ஜெர்மனியில் இருக்கும் அந்த ஊருக்கு மோட்லாராய்ட் என்று பெயர். மொத்தமே ஐம்பது பேர் பக்கம்தான் வசிக்கிறார்கள்.

ஒரே ஊர் எப்படி இரண்டு நாடானது என்று கேட்டால், "இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவும் ரஷ்யாவும் நடுவில் கோடு கிழித்துவிட்டார்கள்" என்றுதான் பலரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. இந்த ஊரில் அவர்கள் புதிதாக எந்தக் கோட்டையும் கிழிக்கவில்லை. கோடு ஏற்கெனவே இருந்தது, அதுவும் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து. இருந்த கோட்டுக்கு வேறு வேலை கொடுத்தார்கள், அவ்வளவுதான். எல்லை என்றால் என்ன, அது எப்படி மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்தச் சின்ன ஊரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் ஊர் இருக்கும் இடம். பவேரியா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் ஹோஃப் என்ற நகரம் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் மோட்லாராய்ட். கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் உயர்ந்த மேட்டுநிலம் அது. குளிர்காலம் நீளம் என்பதால் இந்த வட்டாரத்தை "பவேரிய சைபீரியா" என்று கேலியாகச் சொல்வார்கள். மேடுகளில் ஊசியிலைக் காடு, சரிவுகளில் வயலும் புல்வெளியும், பள்ளத்தில் ஓடை. அந்தப் பள்ளத்தில்தான் வீடுகள். இடைக்காலத்தில் காட்டை வெட்டி நிலமாக்கிய குடியானவர்கள் உண்டாக்கிய ஊர் இது. இந்தப் பக்கம் 'ராய்ட்' என்று முடியும் ஊர்கள், பெரிய நகரமான பைராய்ட் உட்பட, பெரும்பாலும் அப்படி உருவானவைதான். டான்பாக்கின் தண்ணீர் சாலே ஆற்றில் கலந்து, பிறகு எல்பே ஆற்றோடு சேர்ந்து வடகடலுக்குப் போகிறது.

ஊருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் போனால் பவேரியா, துரிங்கியா, சாக்சனி என்ற மூன்று மாநிலங்களும் சந்திக்கும் இடம் வருகிறது. அங்கே அடையாளக் கல் நட்டிருக்கிறார்கள். ஆக, எல்லைகள் வந்து முட்டிக்கொள்ளும் ஒரு மூலையில்தான் இந்த ஊர் உட்கார்ந்திருக்கிறது.

ஜெர்மனியின் நிர்வாக அமைப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது குழப்பும். நாட்டில் 16 மாநிலங்கள். மாநிலத்துக்குள் மாவட்டங்கள், மாவட்டத்துக்குள் ஊராட்சிகள். ஐம்பது பேர் இருக்கும் ஊருக்கெல்லாம் தனி ஊராட்சி கிடையாது. பக்கத்திலிருக்கும் பெரிய ஊரின் ஒரு பகுதியாகத்தான் கணக்கில் வரும். மோட்லாராய்டின் பவேரியப் பாதி, ஹோஃப் மாவட்டத்தின் டோப்பன் ஊராட்சியில் இருக்கிறது. துரிங்கியப் பாதி, சாலே-ஓர்லா மாவட்டத்தில் கெஃபெல் என்ற சிறுநகரத்தோடு சேர்ந்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

இனி கதைக்கு வரலாம். இன்று நாம் ஜெர்மனி என்று சொல்லும் நிலம் நூற்றாண்டுக் கணக்கில் ஒரே நாடாக இருந்ததில்லை. சிற்றரசுகளும் பிரபுக்களின் நிலங்களும் ஆயர்களின் ஆட்சிப்பகுதிகளும் தனி நகரங்களுமாக அது நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் கிடந்தது. இங்கே ஓடையின் ஒரு பக்கம் பைராய்டை ஆண்ட பிரபுவின் நிலம். மறு பக்கம் ஷ்லைட்ஸ் என்ற ஊரிலிருந்து ஆண்ட ராய்ஸ் குடும்பத்தின் நிலம். இந்த ராய்ஸ் குடும்பத்தைப் பற்றி ஒரு சுவையான சேதி உண்டு. அந்த வம்சத்தில் பிறக்கும் ஆண் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஹைன்ரிஹ் என்றுதான் பெயர் வைப்பார்கள். அரியணை ஏறுகிறவர்களுக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும். எண்ணை வைத்துத்தான் ஆளைப் பிரித்தறிய வேண்டும். எண் எக்கச்சக்கமாக ஏறிவிடக் கூடாது என்று ஷ்லைட்ஸ் பக்கத்துக் கிளையினர் நூற்றாண்டு மாறும்போது மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள்.

பைராய்ட் பக்கம் ஆட்சி வேகமாகக் கைமாறியது. 1791-92இல் பிரஷ்யா என்ற பெரிய ஜெர்மன் அரசுக்குப் போனது. பிரஷ்யாவை நெப்போலியன் தோற்கடித்த பிறகு பிரான்சின் பிடியில் இருந்தது. 1810இல் நெப்போலியன் அதைப் பவேரியாவிடம் கொடுத்தார். அந்த ஆண்டே டான்பாக் ஓரமாக எல்லைக்கல் நட்டார்கள். ஒரு பக்கம் பவேரிய முடியரசின் முதலெழுத்துகள், மறு பக்கம் ராய்ஸ் சிற்றரசின் முதலெழுத்துகள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தத் துண்டுகளைப் பெயரளவில் ஒன்றாக வைத்திருந்த புனித ரோமப் பேரரசு 1806இலேயே கலைந்துவிட்டதால் 1810இல் பவேரியாவும் ராய்ஸும் சட்டப்படி இரண்டு தனித்தனி அரசுகள். அதாவது அப்போதே இந்த ஊருக்குள் இரண்டு நாடுகளின் எல்லை ஓடியது. ஆனால் ஊர்க்காரர்கள் வாழ்க்கையில் அது பெரிதாகத் தலையிடவில்லை. பள்ளிக்கூடம் துரிங்கியக் கரையில் இருந்தது, இரண்டு கரைப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். குடித்துப் பேச உட்காரும் விடுதியும் அந்தக் கரையில்தான். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு ஊர் முழுக்கப் பவேரியப் பக்கம் டோப்பனில் உள்ள தேவாலயத்துக்குப் போனது. இந்தக் கரைக்காரருக்கு அந்தக் கரையில் வயல், அந்தக் கரைப் பெண் இந்தக் கரையில் மருமகள். 1834இல் ஜெர்மன் அரசுகள் பலவும் சேர்ந்து சுங்கக் கூட்டமைப்பு தொடங்கியபோது இரு பக்கமும் அதில் சேர்ந்தன. அதற்கு மேல் ஓடையைத் தாண்டிப் போகும் சரக்குக்கு வரியும் இல்லை. யாரிடம் வரி கட்டுவது, எந்த நீதிமன்றத்துக்குப் போவது, எந்த அரசரின் படையில் சேருவது என்பதற்குத்தான் அந்தக் கோடு. காலையில் மாட்டை எந்தப் பக்கம் ஓட்டுவது என்பதற்கு இல்லை.

1871இல் ஜெர்மனி ஒரே பேரரசானதும் அந்தக் கோடு வெறும் உள்நாட்டு எல்லையாகச் சுருங்கியது. 1918இல் மன்னர்கள் எல்லாரும் முடியிழந்தார்கள். 1920இல் ராய்ஸ் உட்பட ஏழு சின்ன அரசுகளை இணைத்துத் துரிங்கியா என்ற மாநிலத்தை உருவாக்கினார்கள். கோடு அதே இடத்தில் இருந்தது, இப்போது பவேரியாவுக்கும் துரிங்கியாவுக்கும் நடுவில்.

அடுத்த திருப்பம் லண்டனில் நடந்தது. போர் இன்னும் முடியாத நிலையில், 1944 செப்டம்பர் 12 அன்று நேச நாடுகள் அங்கே ஓர் ஒப்பந்தம் செய்தன. ஜெர்மனி தோற்ற பிறகு எந்தப் பகுதியில் யார் படை நிறுத்துவது என்ற பங்கீடு அது. பங்கு பிரிக்கும்போது மலை, ஆறு என்று பார்த்துக் கோடு போடவில்லை. இருந்த மாநில, மாகாண எல்லைகளையே எடுத்துக்கொண்டார்கள். துரிங்கியா சோவியத்துக்கு, பவேரியா அமெரிக்காவுக்கு. மேசையில் வைத்த வரைபடத்தில் பார்த்தால் அது மிகவும் நியாயமான, வேலையைச் சுலபமாக்கும் முடிவுதான். ராய்ஸ் பிரபுவுக்கும் பைராய்ட் பிரபுவுக்கும் நடுவில் இருந்த பழைய நில எல்லை, இப்படித்தான் சத்தமில்லாமல் இரண்டு வல்லரசுகளின் எல்லையானது. மோட்லாராய்ட் என்று ஓர் ஊர் இருப்பது அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

1945 ஏப்ரலில் துரிங்கியாவைப் பிடித்தது உண்மையில் அமெரிக்கப் படைதான். ஒப்பந்தப்படி ஜூலைத் தொடக்கத்தில் அதை சோவியத்திடம் விட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். முதல் சில ஆண்டுகள் எல்லை கெடுபிடியாக இருந்தாலும் போக்குவரத்து நின்றுவிடவில்லை. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஓடையைத் தாண்ட முடிந்தது. 1949இல் மேற்கில் ஒன்று, கிழக்கில் ஒன்று என இரண்டு ஜெர்மன் நாடுகள் பிறந்தபோதும் நிலைமை உடனே மாறவில்லை.

மாறியது 1952 மே 26 அன்று. மேற்கு ஜெர்மனியோடு ஒட்டிய எல்லை முழுவதையும் மூடக் கிழக்கு ஜெர்மனி அன்று ஆணை போட்டது. எல்லையை ஒட்டிப் பத்து மீட்டர் அகலத்துக்கு நிலத்தை உழுது, யார் கால் வைத்தாலும் தடம் தெரியும்படி வைத்தார்கள். அதற்குப் பின்னால் 500 மீட்டர் பாதுகாப்புப் பட்டை, அதற்கும் பின்னால் ஐந்து கிலோமீட்டர் தடுப்பு வலயம். வளைந்து வளைந்து போகும் சுமார் 1,400 கிலோமீட்டர் எல்லை முழுக்க இதே ஏற்பாடு. மோட்லாராய்டில் ஓடையோரமாக ஆள் உயரத்துக்குப் பலகை வேலி எழும்பியது. அடுத்த மாதமே, நம்பத் தகாதவர்கள் என்று அரசு முடிவு செய்த குடும்பங்களை எல்லையோர ஊர்களிலிருந்து வெளியேற்றி உள்நாட்டில் வேறெங்கோ குடியேற்றினார்கள். அந்த நடவடிக்கைக்கு அதிகாரிகள் வைத்த குறிப்புப் பெயரின் பொருள் "பூச்சி, புழு" என்பது. 1952இலும் பிறகு 1961இலுமாகச் சேர்த்து எல்லை நெடுக 11,000 பேருக்கு மேல் இப்படி வீட்டை இழந்தார்கள்.

பெர்லின் சுவர் வந்தது 1961 ஆகஸ்ட் 13 அன்று. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே இந்த ஊர் அடைபட்டுவிட்டது. அந்த ஒன்பது ஆண்டும் கிழக்கு பெர்லின்காரர் ஒருவர் ரயிலேறி மேற்கு பெர்லினுக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டுத் திரும்ப முடிந்தது. மோட்லாராய்டில் அடுத்த வீட்டுக்கு முடியாது. அமெரிக்க வீரர்கள் இந்த ஊருக்கு வைத்த "குட்டி பெர்லின்" என்ற பட்டப்பெயர் பிரபலமாகிவிட்டது. ஆனால் அது இந்த ஊரின் நிலைமையைக் குறைத்துச் சொல்கிறது என்பது என் எண்ணம். பெர்லினில் நகரத்துக்குள்ளேயே கடவுச்சாவடிகள் இருந்தன, உலகப் பத்திரிகைகள் இருந்தன. இங்கே இரண்டும் இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் பெர்லினும் இதுவும் ஒன்று: அங்கேயும் 1920இல் மாநகர நிர்வாகத்துக்காகப் பிரித்த வட்டாரங்களின் எல்லைகளைத்தான் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ஆகிய நான்கு நாடுகளின் பிரிவு எல்லையாக எடுத்துக்கொண்டார்கள்.

பலகை வேலிக்குப் பிறகு முள்கம்பி வந்தது. 1966இல் கான்கிரீட் சுவர், 700 மீட்டர் நீளம், 3.3 மீட்டர் உயரம். வயலும் காடுமாக இருக்கும் இடத்தில் கிழக்கு ஜெர்மனி உலோக வேலியோடு நிறுத்திக்கொண்டது, ஏனென்றால் அங்கே காவலருக்குத் தூரம்வரை பார்வை கிடைக்கும். வீடுகள் எல்லையை ஒட்டி நிற்கும் இடத்தில்தான் சுவர் தேவைப்பட்டது. அது ஆளை மட்டும் மறிக்கவில்லை, பார்வையையும் மறித்தது.

மேற்குக் கரையில் நின்று பார்த்தால் என்னென்ன தெரிந்திருக்கும் என்று வரிசையாகச் சொல்கிறேன். முதலில் ஓடை. எல்லை அதுதான், சுவர் இல்லை. ஓடைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சில மீட்டர் புல்தரையும் கிழக்கு ஜெர்மனியின் மண்தான். விவரம் தெரியாமல் அங்கே கால் வைத்தால் எல்லைக் காவலர்கள் பிடித்துக்கொண்டு போகலாம். அப்புறம் சுவர். சுவருக்குப் பின்னால் தடம் பார்க்க வாரி வைத்த மண் பட்டை. அதையடுத்து, ரோந்து வண்டி போவதற்குத் துளையிட்ட கான்கிரீட் பலகைகளைப் பதித்த பாதை. இரவைப் பகலாக்கும் விளக்குகள், காவல் கோபுரம். இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் கிழக்குப் பாதியின் வீடுகள். பார்வையை மறைத்த கட்டடங்களை இடித்துவிட்டார்கள். ஓடைத் தண்ணீரில் சுற்றிய ஆலையும் அப்படித்தான் போனது.

கிழக்குப் பாதியில் வசித்தவர்கள் 500 மீட்டர் பட்டைக்குள் இருந்தார்கள். சொந்த வீட்டுக்குப் போகவே அடையாள அட்டையில் தனி முத்திரை வேண்டும். இருட்டிய பிறகு வெளியே நடமாடக் கட்டுப்பாடு. உள்நாட்டு உறவினர் பார்க்க வருவதென்றாலும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், கிடைக்கும் என்ற உறுதி இல்லை. மேற்கிலிருந்து வரும் உறவினருக்கு அந்தப் பட்டைக்குள் இடமே இல்லை. 1970களில் இரு நாடுகளும் பேசி, எல்லையோர மாவட்டத்து மேற்கு ஜெர்மானியர்கள் கிழக்கே போய்வர வழி செய்தார்கள். மோட்லாராய்டின் பவேரியக் கரைக்காரர் அப்படிப் போக வேண்டுமானால், நெடுஞ்சாலையில் இருக்கும் சாவடி வரை சுற்றிப் போய் உள்ளே நுழைய வேண்டும். நுழைந்தாலும், கண்ணெதிரே இருக்கும் எதிர்க்கரை வீட்டுக்குப் போக முடியாது, அது தடுப்பு வலயம். இரண்டு பேரும் வேறு ஏதாவது ஊரில் சந்தித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கை அசைக்கவும் தடை இருந்தது. பவேரியக் கரையில் நிற்பவர் கை காட்டலாம், குரல் கொடுக்கலாம். துரிங்கியக் கரையில் இருப்பவர் பதிலுக்குக் கையை உயர்த்தக் கூடாது. அண்ணன் அந்தப் பக்கம் நிற்கிறார், தம்பி இந்தப் பக்கம் பார்க்காதது போல நடந்து போக வேண்டும். கோபுரமும் விளக்கும் எந்த எல்லையிலும் இருக்கலாம். என்னை அதிகம் உலுக்குவது இந்த விதிதான்.

இத்தனை காவலையும் மீறி மோட்லாராய்டில் சுவரைத் தாண்டித் தப்பியவர் ஒரே ஒருவர். 1973 மே மாதம், அந்த வட்டாரத்தைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர் வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி, தானே செய்த ஏணியை வைத்து ஏறிக் குதித்தார். எல்லைப் பகுதிக்குள் வண்டி ஓட்ட அவருக்கு அனுமதி இருந்ததால் அது முடிந்தது. மற்றவர்களால் சுவரை நெருங்கவே முடியாது.

மேற்குப் பக்கத்துக்கோ வேடிக்கை பார்க்கப் பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்தார்கள். 1983 பிப்ரவரியில் அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் ஜார்ஜ் புஷ்ஷும் வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போனார்.

முடிவு இந்த ஊருக்குப் பக்கத்திலேயே கருக்கொண்டது என்று சொல்லலாம். 1989 அக்டோபர் 1 அன்று, செக்கோஸ்லோவாக்கியாவின் பிராகா நகரில் இருந்த மேற்கு ஜெர்மானியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்திருந்த கிழக்கு ஜெர்மானியர்களை ஏற்றிக்கொண்டு சிறப்பு ரயில்கள் வந்து சேர்ந்தது ஹோஃப் ரயில் நிலையத்துக்குத்தான். அடுத்த வாரம், அக்டோபர் 7 அன்று, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிளாவன் நகரில் ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். நவம்பர் 9 இரவு பெர்லின் சுவர் திறந்தது.

ஆனால் மோட்லாராய்டில் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. பெர்லினில் திறந்துவிட்டார்கள் என்பதற்காக ஊருக்கு ஊர் சுவரில் தானாக ஓட்டை விழுந்துவிடாது. சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 9 அன்றுதான் சுவரில் நடந்துபோக ஒரு வழி திறந்தார்கள். 37 ஆண்டுகளுக்குப் பிறகு ஊர்க்காரர்கள் ஊருக்குள் நடந்து போனார்கள். 1990 ஜூன் 17 அன்று மண்வாரி இயந்திரம் வந்து சுவரின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளியது. அக்டோபர் 3 அன்று இரண்டு ஜெர்மனியும் ஒரே நாடாயின.

அப்படியானால் ஊரும் ஒன்றாகிவிட்டதா? இல்லை. கிழக்கு ஜெர்மனி 1952இல் தன் மாநிலங்களைக் கலைத்து, நாட்டைச் சிறு நிர்வாகப் பகுதிகளாகப் பிரித்திருந்தது. 1990இல் அந்த மாநிலங்களுக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள், துரிங்கியாவும் திரும்ப வந்தது. கூடவே அதன் பழைய எல்லையும் திரும்பி வந்து டான்பாக்கில் உட்கார்ந்துகொண்டது. ஜெர்மன் அரசியல் சட்டப்படி, 50,000 பேருக்கு மேற்படாத பகுதியை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற இரு மாநில அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டால் போதும். மோட்லாராய்டுக்கு யாரும் அதைச் செய்யவில்லை.

எனவே இன்றைக்கும் இந்த ஊருக்கு இரண்டு அஞ்சல் குறியீடு, பவேரியக் கரைக்கு 95183, துரிங்கியக் கரைக்கு 07926. தொலைபேசிக்கு இரண்டு பகுதி எண், வண்டிக்கு இரண்டு வகைப் பதிவு எண், இரண்டு மேயர்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடத்திட்டம் வேறு, விடுமுறையும் வேறு. அக்டோபர் 31, புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களின் சீர்திருத்த நாள், துரிங்கியக் கரையில் விடுமுறை, பவேரியக் கரையில் வேலை நாள். மறுநாள் நவம்பர் 1 புனிதர் அனைவர் நாள், அன்றைக்கு இதற்கு நேர்மாறு. ஒருவரை ஒருவர் பார்த்தால் வணக்கம் சொல்லும் முறையிலும் பவேரியக் கரைக்கும் துரிங்கியக் கரைக்கும் வித்தியாசம் உண்டு. இதெல்லாம் தொந்தரவுதான், ஆனால் 1810இல் இருந்த மாதிரியான தொந்தரவு. அலுவலகத்தில் எந்தப் படிவத்தை நிரப்புவது என்ற அளவோடு முடிந்துவிடும்.

சுவர் முழுவதையும் இடித்துவிடாமல் சுமார் 100 மீட்டரை அதே இடத்தில் விட்டு வைத்திருக்கிறார்கள். காவல் கோபுரமும் இருக்கிறது. 1990இலேயே இங்கே ஓர் அருங்காட்சியகம் தொடங்க ஏற்பாடு நடந்தது. இரண்டு ஜெர்மனிகளின் பிரிவினையைச் சொல்லும் அந்த அருங்காட்சியகத்தைப் பார்க்கத்தான் இப்போது ஆட்கள் வருகிறார்கள். போனால் சுவரைப் பார்த்ததும் திரும்பிவிடாமல் ஓடையோரம் நிற்கும் பழைய எல்லைக்கற்களையும் பாருங்கள்.

ஊரைத் தாண்டி வயல்வெளிக்குப் போனால் எல்லை வேறு உருவத்தில் தொடர்கிறது. மோட்லாராய்டில் வழி திறந்த அதே 1989 டிசம்பர் 9 அன்று, ஹோஃப் நகரில் இரண்டு ஜெர்மனிகளின் இயற்கை ஆர்வலர்களும் கூடிப் பேசினார்கள். யாரும் கால் வைக்காததால் எல்லைப் பட்டை முழுக்கப் புதரும் ஈரநிலமுமாக வளர்ந்து, வேறெங்கும் அருகிவிட்ட பறவைகளும் செடிகளும் அங்கே தங்கியிருந்தன. அதை அப்படியே காக்க வேண்டும் என்று அன்று தீர்மானம் போட்டார்கள். பசுமைப் பட்டை என்று இன்று அழைக்கப்படும் திட்டத்தின் தொடக்கம் அதுதான். தன் பங்குக்கு வரும் பட்டையைத் துரிங்கிய அரசு 2018இல் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவித்தது. ரோந்து வண்டிக்குப் போட்ட கான்கிரீட் பலகைப் பாதை பல இடங்களில் இன்னும் இருக்கிறது, இப்போது அதில் நடைபயணம் போகிறார்கள். பலகைத் துளைகளில் கால் இடறும், நல்ல காலணி போட்டுக்கொண்டு போவது நல்லது.